ரெண்டாவது ரிமோட்டில் பாஸ் பட்டன் கிடையாது

"பாஸ்!" என்று உரக்கச் சொன்னாள் என் மகள்.

எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். பொது அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் மின்விசிறி. யாரோ பிரித்து வைத்த மிக்சரின் எண்ணெய் வாசனை. நானும் சங்கத்தின் கமிட்டியில் ஒருத்தி என்பதால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய பிரச்சினை அந்த அறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள் அங்கே கூடி வீடியோ கேம் ஆடுகிறார்கள், ஆணும் பெண்ணுமாக ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், இனிமேல் அவர்களுக்கு அந்த அறை கிடையாது என்று தீர்மானம். முந்தின வாரமே பூட்டு தொங்கிவிட்டது. கூட்டம் வெறும் சடங்கு. தலைவர் மாசிலாமணி சார், "சரி, எல்லாரும் கை தூக்கிடுங்க" என்றார். அந்த நேரத்தில்தான் ரூத் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்து அப்படிச் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயசு.

தலைவரின் முகம் மலர்ந்தது. செக்யூரிட்டியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை அவரை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும். தூக்கப் போன கையை இறக்கிவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

அவள் அவரைக் கூப்பிடவே இல்லை. அவள் சொன்னது வேறு பாஸ். அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஏனென்றால் அந்த பாஸுக்காக நான் அவள் வயசில் ஒரு சண்டை போட்டிருக்கிறேன்.

அண்ணன் பிடித்த ரிமோட்

கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்கிற கதையை இந்தத் தொடரில் படித்துவிட்டு என் அண்ணன் சாமு போன் செய்தான். "நீ என்னா வேணா எழுதிக்கோ, என் பேர மட்டும் இழுக்காத" என்றான். மன்னித்துக்கொள் அண்ணா, இந்த வாரம் நீதான் வில்லன்.

அப்போது நாங்கள் மணிமங்கலத்தில் இருந்தோம். அப்பா வேன் டிரைவர். இந்தப் பக்கத்துக்கு முதன்முதலாகக் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயம். சென்னைக்கு லோடு இறக்கப் போன ஒரு நாள் பர்மா பஜாரிலிருந்து அப்பா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேசட், சுருள் சுருளாக ஒயரோடு இரண்டு ரிமோட். கேசட்டின் மேல் ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. ஏமாற்றினாலும் பரவாயில்லை, எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் டிவி கேம்.

படம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊத வேண்டும். யார் ஊதினால் வேலை செய்யும் என்பதில்கூடப் போட்டி. என் ஊதலுக்குத்தான் ராசி என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அந்தப் பிளாஸ்டிக் வாசனையும் உதட்டில் ஒட்டும் தூசியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்களுக்குப் பிடித்தது டேங்க் ஆட்டம். செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும். அதை எதிரி டேங்குகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அண்ணன் மஞ்சள் டேங்க், நான் பச்சை டேங்க். சொந்த ஆளின் குண்டு பட்டால் சாக மாட்டோம், கொஞ்ச நேரம் நகர முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்போம். சாமு என்னை எத்தனை தடவை அப்படி நிற்க வைத்திருக்கிறான் என்பதற்குக் கணக்கே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது பாஸ் பட்டன்.

ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கிற பட்டன் அது. அமுக்கினால் டேங்க், குண்டு எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். திரும்ப அமுக்கினால் ஓடும். ஆனால் அந்தப் பட்டன் முதல் ரிமோட்டில் மட்டும்தான் இருந்தது. ரெண்டாவது ரிமோட்டில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். முதல் ரிமோட் யாருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. பெரியவன், அதிலும் ஆண்பிள்ளை.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் வேலைக்குக் கூப்பிடப்படுகிறவள் நான். "எஸ்தரு, அரிசி கொதிக்குது பாரு", "எஸ்தரு, கொடில துணி நனையுது." ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் என் பச்சை டேங்க் செத்துப் போயிருக்கும். சாமுவை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவனுக்கு மூக்கு அரித்தால்கூட ஆட்டத்தை நிறுத்தலாம்.

"எனக்காக ஒரு தடவ பாஸ் போட்டா என்னவாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது ரிமோட்டுக்கு பாஸ் கிடையாதுடி. கம்பெனிக்காரனே அப்டித்தான் குடுத்துகிறான். நான் இன்னா பண்றது?" என்றான்.

கம்பெனிக்காரனே அப்படித்தான் கொடுத்திருக்கிறான். இந்த வாக்கியத்தைப் பிற்பாடு எத்தனை வாயிலிருந்து, எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன்! அப்போதைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தையல் மெஷினுக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்து, அவன் கிரிக்கெட் ஆடப் போன நேரம் பார்த்து, முதல் ரிமோட்டைப் பிரித்தேன்.

உள்ளே பச்சை அட்டை. பாஸ் பட்டனுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பட்டை. ரப்பர் மொட்டு வந்து இரண்டையும் சேர்த்துத் தொட்டால் ஆட்டம் நிற்கிறது. இவ்வளவுதானா விஷயம்! எங்கள் வீட்டு காலிங் பெல்லும் இதே வேலையைத்தானே செய்கிறது என்று தோன்றியது. பெல் ரிப்பேராகி, சுவிட்ச் மட்டும் ஒயரோடு பரணில் கிடந்தது.

அட்டையையும் சுவிட்சையும் பையில் போட்டுக்கொண்டு படப்பைக்குப் பஸ் ஏறினேன். எங்கள் சபையின் கன்வென்ஷனுக்கு மைக் செட் போடுகிறவர் அங்கே கடை வைத்திருந்தார்.

"இன்னாமா இது, ஊட்டு காலிங் பெல்லா? இத்த இதுல சேத்து இன்னா பண்ணப் போற?" என்று சிரித்தார்.

"ரெண்டு பேரும் நிறுத்தறா மாதிரி பண்ணணும் அண்ணே."

நான் காட்டிய இடத்தில் ஒயரைப் பற்ற வைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பாயின் நடுவில், இரண்டு ரிமோட்டுக்கும் பொதுவாக, வெள்ளை வெளேரென்று ஒரு காலிங் பெல் சுவிட்ச் உட்கார்ந்திருந்தது. சாமு குதித்தான். "அப்பா, இவ கேமையே ஒடைச்சிட்டா" என்று ஊரைக் கூட்டினான். அப்பா சுவிட்சைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா ரெண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கைக்கு அது சின்னதாக இருந்தது. நாலு குண்டு சுட்டிருப்பார், அம்மா உள்ளேயிருந்து, "இன்னாங்க, மோட்டார் போடுங்க, தொட்டில தண்ணி இல்ல" என்று குரல் கொடுத்தாள். அப்பா சுவிட்சை அமுக்கினார். எல்லாம் நின்றது. மோட்டாரைப் போட்டுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து மறுபடி அமுக்கினார். பச்சை டேங்க் விட்ட இடத்திலேயே இருந்தது.

"இது இருக்கட்டும்டா" என்றார் சாமுவிடம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம். யார் அமுக்கினாலும் ஆட்டம் நிற்கும், ஏன் நிறுத்தினாய் என்று அடுத்தவர் கேட்கக் கூடாது. அந்த வயசில் நான் போட்ட சட்டம் ஒன்று வீட்டில் செல்லுபடியானதே என்று பல நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆண்டானைத் தேடிய கதை

டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது, எனக்கு இன்னொரு பட்டன் கிடைத்தது. அதைப் பட்டன் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "லைன்ல எந்தத் தப்பு கண்ணுல பட்டாலும் உடனே ஆண்டான், ஓகே?" எல்லோரும் ஓகே என்றோம். எனக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்தவள் தென்காசிப் பெண், மாரியம்மாள். அவள் என் காதில், "ஆண்டான்னா ஆருக்கா? பெரிய ஆபீசரா?" என்று கேட்டாள். "அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஆண்டான் அடிமை என்று படித்திருக்கிறோமே, வேறு என்ன நினைப்பது?

இரண்டொரு நாளில் மாரியம்மாள் கையில் ஒரு பாகம் விரிசலோடு வந்தது. இரண்டு பேரும் போட்டது போட்டபடி ஆண்டானைத் தேடி ஓடினோம். சூப்பர்வைசரிடம் போய், "சார், ஆண்டான் எங்க இருக்காவ?" என்று மாரியம்மாள் மூச்சு வாங்கக் கேட்டாள். அதற்குள் விரிசல் விட்ட பாகம் நாலு பேரைத் தாண்டிப் போய்விட்டது.

"ஆண்டான்னா கயிறும்மா, கயிறு!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் இருவர் தலைக்கும் மேலேயே மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் விளக்கு எரியும், லைன் நிற்கும். ஜப்பான்காரர்கள் ஒரு மாதிரி விளக்குக்கு வைத்திருக்கிற பெயராம் அது. நேற்றுச் சேர்ந்த டிரெய்னிகூட இழுக்கலாம். ஏன் இழுத்தாய் என்று திட்டக் கூடாது, என்ன பார்த்தாய் என்றுதான் கேட்க வேண்டும்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எசமான் என்று நாங்கள் பயந்த ஆசாமி, நிறுத்துகிற கயிறாக இருந்தார். டிவி கேமிலும் இதே கதைதான். தமிழில் எழுதினால் முதலாளிக்கும் பாஸ், நிறுத்துவதற்கும் பாஸ். காதில் விழும்போது முதல் எழுத்து கொஞ்சம் மெலிந்தோ தடித்தோ ஒலிக்கும், அவ்வளவுதான். மின்விசிறி ஆடுகிற அறையில் அந்த வித்தியாசம் கேட்கவா போகிறது?

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

போன மழைக்காலம் முடிந்து பரணைச் சுத்தம் செய்தபோது அந்தச் சாம்பல் பெட்டி ரூத்தின் கையில் அகப்பட்டது. "அம்மா, இதுல ஏன் ஒரு காலிங் பெல் தொங்குது?" என்று கேட்டாள். சொன்னேன். வீட்டில் இருக்கிற போனில் இல்லாத ஆட்டமா? ஆனாலும் அவளுக்கு இதுதான் பிடித்துப் போனது. ஒரே பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆள் வேண்டும் என்பதாலோ என்னவோ.

பொது அறையில் யாரோ வீடு மாறும்போது விட்டுப் போன பழைய பெட்டி டிவி இருந்தது. அதில் கொண்டுபோய் மாட்டினாள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கேசட் ஊதக் கற்றுக்கொடுத்தாள். பீகாரிலிருந்து வந்து நம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஷிப்ட் முடித்து வரும் அப்பாக்களில் சிலர் வாசலில் நின்று, "ஏய், டேங்க் ஆட்டம்டா!" என்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். காலிங் பெல் சுவிட்ச் நடுவில், சட்டமும் அதே சட்டம்.

பிறகுதான் ஒவ்வொருவராக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சத்தம் என்றார்கள். வயசுப் பிள்ளைகள் என்றார்கள். பூட்டு வந்தது. பெட்டி உள்ளே, பிள்ளைகள் வெளியே.

பூட்டுப் போட்ட அன்று ரூத் அழவில்லை, கத்தவும் இல்லை. "எங்கள யாருமே கேக்கலம்மா" என்று மட்டும் சொன்னாள். பூட்டுகிற கமிட்டியில் நானும் இருக்கிறேன். வேண்டாம் என்று வாதாடித் தோற்றவள்.

"அவ இன்னும் முடிக்கல சார்"

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். "சொல்லும்மா" என்றாரல்லவா தலைவர்?

"உங்கள பாஸுன்னு கூப்பிடல அங்கிள். பாஸ் பண்ணச் சொன்னேன். நிறுத்தச் சொன்னேன்" என்றாள் ரூத்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது.

"எங்களப் பத்தித்தான பேசறீங்க? அப்பலேர்ந்து ஜன்னல்கிட்ட நின்னுகினு கேட்டுனு இருக்கோம். எங்கள ஒரு வார்த்த கேக்காம கை தூக்கறீங்க."

"சின்னப் பசங்கள கேட்டுகிட்டா கூட்டம் நடத்துவாங்க? எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா. வயசுப் பசங்க, வயசுப் பொண்ணுங்க, ஒரே ரூம்ல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

தலைவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதினால் பிள்ளைகள் வரிசையில் நின்று பழகியவர். நிஜமாகவே பயந்துதான் கேட்டார்.

ரூத் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"பூட்டிட்டா நாங்க ஒரே ரூம்ல இருக்க மாட்டோம் அங்கிள். ஆனா எங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது. அவ்ளோதான்."

இந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தோன்றியிருக்காது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், உங்க பொண்ணுதானே? பெரியவங்க பேசறப்ப இப்படி நடுவுல வரலாமா? நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

எல்லாத் தலையும் என்னைப் பார்த்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், போதும், கூப்பிட்டு உட்கார வை என்று கண்ணால் சைகை காட்டினார். ரூத் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ளப் பயந்தாளோ என்னவோ, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை அதட்டினால் போதும், அவள் வெளியே போய்விடுவாள். அப்புறம் எந்தக் கூட்டத்துக்குள்ளும் வர மாட்டாள்.

"அவ இன்னும் முடிக்கல சார்" என்றேன்.

ரூத் நிமிர்ந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"ரூம் மட்டும் கேக்க வரல அங்கிள். கதவத் தொறந்தே வைக்கறோம். ஜன்னல் ஸ்கிரீனக் கழட்டிடறோம். யாராவது பெரியவங்க வந்து ஒக்காரணும்னாலும் ஒக்காரட்டும். ஆனா எங்களப் பத்தி முடிவு பண்ற கூட்டத்துல எங்கள்ல ரெண்டு பேர் இருக்கணும். கை தூக்க விடலன்னாலும் பரவால்ல, நிறுத்துங்கன்னு சொல்ல விடுங்க."

முதலில் வாயைத் திறந்தவள் பக்கத்து வீட்டு செல்விதான். அதுவரை அவளும் பூட்டு வேண்டும் என்ற கட்சி. "நீங்க பூட்னதும் எம்புள்ள எங்க போய் ஆடிகினு இருந்தான் தெரியுமா சார்? கன்டெய்னர் லாரி திரும்புற எடத்துல. இங்க இருந்தா சத்தமாவது காதுல வுழும்" என்றாள். அதன்பின் ஆளுக்கு ஆள் பேசினார்கள். ரூத் இரண்டு தடவை கையைத் தூக்கி நிறுத்தினாள். இரண்டு தடவையும் நிறுத்தினார்கள்.

கடைசியில் தலைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு எழுந்துபோய் வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு பேர் வாங்க. நிறுத்தணும்னா கைய தூக்குங்க. ஆனா இனிமே கத்தக் கூடாது" என்றார். "அப்பறம், அது என்னா பாஸு? காட்டு பாப்போம்."

ரெண்டாவது ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார்கள். எதிரி டேங்க் பக்கத்தில் வந்தாலே காலிங் பெல்லை அமுக்கினார். "அங்கிள், சும்மா சும்மா பாஸ் போடக் கூடாது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "ஏன், எனக்கு மட்டும் உரிமை இல்லையா?" என்றார் அவர்.

டிங் டாங்

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். நெஞ்சு நிறைந்து கிடந்தது. சாமுவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். "உன்ன மாரியே இல்லடி, உன்ன விட மோசமா கீறா" என்று அவனும் சந்தோஷப்பட்டான்.

இருந்தாலும் அம்மா புத்தி எங்கே போகும்? டீயைக் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தேன். "நீ பேசினதெல்லாம் சரிதான் ரூத். ஆனா பெரியவங்க முன்னாடி அப்படித் திடுதிப்புனு உள்ள வந்து நிக்கறது கொஞ்சம் ஓவர். மொதல்ல வணக்கம் சொல்லியிருக்கலாம். குரல கொஞ்சம் எறக்கியிருக்கலாம். நாளைக்கே அந்த அங்கிள்கிட்ட போயி..."

ரூத் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாளோ என்று நினைத்தேன். வாசல் கதவைத் திறந்தாள். உடம்பு உள்ளேயே இருக்க, கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

டிங் டாங்.

எங்கள் வீட்டு காலிங் பெல். என் வீட்டுக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டேன். வேறு வழி? அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான்.